ஊமையான ஜாவா

அத்தியாயம் ஐந்து

"ஒரு ஹாரனால என் கல்யாணம் நின்னுடும் போலக் கீது மேடம்."

வந்த பெண் உட்காரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

"தாவூது, தண்ணி" என்றாள் ஜானட்.

ராயபுரத்தில் மீன் வலை விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஜானட்டின் அலுவலகம். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவளுடைய பழைய வேலை. வண்டிகளைவிட வண்டிக்காரர்களைப் பார்ப்பது சுவாரசியமாக இருந்ததால் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையை உதவியாளன் தாவூது தீர்த்துவைத்தான்.

"மொதல்ல தலைய கழட்டும்மா" என்றான் அவன், தண்ணீரை நீட்டி. "ஹெல்மெட்ட சொன்னேன்."

அவள் கழற்றினாள். இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் ஷிஜி. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"வழி முழுக்கக் கத்திக்கினே வந்தேன். கன்டெய்னர் லாரிக்காரனுங்களுக்கு ஸ்கூட்டர்னா கண்ணே தெரியாது."

"கல்யாணம்?" என்று நினைவூட்டினாள் ஜானட்.

"மாப்பிள்ளை டென்னிஸ். எண்ணூர்ல மெக்கானிக். நிச்சயத்தன்னைக்கு எங்க அப்பா கைல மைக்க குடுத்துட்டாங்க. அவுரு எல்லார் முன்னாடியும், 'என் ஜாவாவ எஃப்.சி. காட்டி, என் மாப்ளைக்கு சீரா குடுக்கறேன்'னு சொல்ட்டாரு."

ஜாவா என்றதும் தாவூது நிமிர்ந்து உட்கார்ந்தான். "பழைய ஜாவாவா? டுப்பு டுப்பு டுப்பு?"

"அதேதான். அறுபத்தொம்போது மாடல். அப்பாக்கு உசுரு. டென்னிஸ் ஒரு மாசம் உக்காந்து எல்லா வேலையும் பண்ணி, நேத்து சாயங்காலம் கொண்டாந்து வுட்டான். அப்பா ஹாரன் அடிச்சுப் பாத்தாரு. சோக்கா அடிச்சுது. வாத்துக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி ஒரு சவுண்டு. அப்பா டெய்லி காசிமேட்டுல மீன் வாங்கியாந்து சந்து முனைல ஒரு தபா அடிப்பாரு. சந்துல கீற பூனை எல்லாம் ஓடியாரும். நேத்தும் ஓடியாந்துச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் காலைல அப்பாவே வண்டிய எஃப்.சி.க்கு எட்த்துனு போனாரு. டென்னிஸ் நேரா கிரவுண்டுக்கு வந்துட்டான். எல்லாம் பாஸ். ஹாரன் மட்டும் ஃபெயில். டென்னிஸ் குனிஞ்சு பாத்தா, அவன் மாட்டுன ஹாரனே இல்ல அது. வேற எவனோடதோ."

தாவூது விசில் அடித்தான்.

"எங்க அத்தை நம்பல. 'ஒரிஜினல் ஹாரன கழட்டி வித்துட்டு, குப்பைய மாட்டி வுட்டான். இவன் மெக்கானிக் இல்ல, களவாணி'ன்னு சந்து முழுக்க சொல்லிக்கினு கீறாங்க. வர ஞாயித்துக்கிழம சர்ச்சு பூசையில எங்க கல்யாண ஓலை படிக்கறாங்க. தடை யாருக்காவது தெரியுமான்னு சாமியார் கேப்பாரு இல்ல? மொத ஆளா எய்ந்து நிப்பேன்னு அத்தை சொல்லுது." ஷிஜியின் குரல் உடைந்தது. "டென்னிஸ் அளுவுறான் மேடம். நான் கூட அளுவல."

ஜானட் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"முதல்ல வண்டியை ஃபெயில் பண்ணவங்களைப் பாக்கலாம்."

பேசின் பிரிட்ஜ் பக்கம், ரயில்வே யார்டுச் சுவரை ஒட்டி இருந்தது, தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு வண்டி சோதிக்கும் மைதானம். வெயிலில் ஆட்டோக்களும் பைக்குகளும் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் சுஜா ஒரு மொபெட்டின் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டிருந்தார். மொபெட் முனகியது. அதன் சொந்தக்காரரும் முனகினார்.

"சிவப்பு ஜாவாவா? மறக்க முடியுமா?" என்றார் சுஜா. "பழைய வண்டி எதுல தோக்கும்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். பிரேக் லைனிங் கல்லாட்டம் இறுகியிருக்கும். மிதிச்சா வண்டி நிக்காது, யோசிக்கும். பிரேக் லைட் எரியாது. டயர்ல பட்டன் எல்லாம் தேயாம புதுசா இருக்கும், பக்கவாட்டுல பாத்தா வெடிச்சிருக்கும். ஓடாமலே கெழடு தட்டின டயர். ஃபோர்க்குல எண்ணெய் ஒழுகும். சேஸிஸ் நம்பரை இந்தப் பக்கத்து உப்புக் காத்து தின்னிருக்கும். இல்லன்னா ஆசை ஆசையா பெயிண்ட் அடிச்சு மூடியிருப்பாங்க."

"ஜாவாவுல?"

"ஒண்ணுமே இல்ல. மிதிச்ச இடத்துல நின்னுச்சு. புகை அளவாத்தான் இருந்துச்சு. நம்பரைத் தடவிப் படிக்கலாம், அவ்ளோ சுத்தம். பாஸ்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். கடைசியா ஹாரனை அமுக்கினா, யாரோ கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம்."

"ஒரு ஹாரனுக்குப் போய் ஃபெயிலா மேடம்?" என்றான் தாவூது. "மெட்ராஸ்காரனுக்கு வாய்தான் ஹாரன்."

"உங்க வாய்க்கு எஃப்.சி. கொடுக்க மாட்டேன் சார். புகை ஜாஸ்தி."

ஜானட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட் பக்கம் பார்த்தாள். வெளியே வந்த ஒரு பைக்கிலிருந்து பக்கக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே போகவிருந்த இன்னொரு பைக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றியவர் ஸ்பேனரையும் சேர்த்தே கொடுத்தார்.

சுஜாவும் அதைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாங்க. அதே கண்ணாடி இன்னைக்கு மூணு வண்டியிலேர்ந்து என்னைப் பாத்துடுச்சு."

"அது இங்க பயக்கம்கா" என்றான் தாவூது ஜானட்டிடம். "எஃப்.சி. அன்னிக்கு யார் இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லக் கூடாது. கண்ணாடியோ, லைட்டோ, டயரோ. ஆனா வேலை முடிஞ்சதும் கேட்டுலயே கழட்டி கைல குடுத்துடணும். எங்க சித்தப்பா ஒரு தபா மறந்து வூட்டுக்கு எட்த்துனு போய்ட்டாரு. அதுக்கப்பால அவருக்கு எவனும் ஒரு நட்டு கூட தரல. சைக்கிள்தான் ஓட்றாரு."

ஜானட் கைமாறிய அந்தக் கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சுஜாவிடம் திரும்பினாள்.

"இன்னைக்கு வேற பழைய வண்டி ஏதாவது வந்துச்சா?"

"ஜாவாவுக்கு முன்னாடி ஒரு ராஜ்தூத். அதுவும் அந்தக் காலத்து வண்டிதான். பாஸ். அதோட ஹாரன்தான்..." சுஜா சிரித்துவிட்டார். "வாத்து தும்மின மாதிரி. நான் சிரிக்கக் கூடாது, யூனிஃபார்ம்ல இருக்கேன். திரும்பி நின்னு சிரிச்சேன். காலடிப்பேட்டை மஜீதுன்னு ஒரு பெரியவர் வண்டி."

தாவூது ஜானட்டைப் பார்த்தான். "கேஸ் முடிஞ்சுதுக்கா. வாத்து மாட்டிக்கிச்சு."

"வாத்து மாதிரி எத்தனையோ ஹாரன் இருக்கும்" என்றாள் ஜானட். "அடையாளம் காட்ட சாட்சி வேணும்."

ராயபுரம் சந்தில் ஜாவா நிழலில் நின்றது. கருஞ்சிவப்பு டேங்க். அதன் மேல் முகம் பார்க்கலாம். ஷிஜியின் அப்பா வில்சன் பழைய பனியன் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹார்பரில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய கைகள். துணி டேங்கின் மேல் குழந்தைக்குப் பவுடர் போடுவது போல் போய்வந்தது.

கொஞ்சம் தள்ளி, வீட்டுக்குள் வர அனுமதி இல்லாதவன் போல வாசலுக்கு வெளியே நின்றான் டென்னிஸ். மெலிந்த பையன். கண்கள் சிவந்திருந்தன.

வீட்டுக்குள்ளிருந்து கரண்டியோடு வந்தாள் பிலோமி அத்தை. வில்சனுடைய அக்கா. ஷிஜியின் அம்மா இறந்தபிறகு அந்த வீட்டில் நடப்பது எல்லாம் அவள் சொல்படிதான்.

"இன்னா, டிடெக்டிவா?" என்றாள். "எதுக்கு டிடெக்டிவு? களவாணி தோ நிக்கிறான். கேளு, ஹாரன எங்க வித்தான்னு."

"நான் விக்கல அத்தை" என்றான் டென்னிஸ் மெதுவாக.

"அத்தைன்னு கூப்ட்ட, கரண்டி பறக்கும்."

ஜானட் ஜாவாவின் அருகே குந்தி உட்கார்ந்தாள். டேங்குக்கு அடியில் ஹாரன் இருந்தது. சின்னதாக, கறுப்பாக, நவீனமாக. பட்டு வேட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் செருப்பு போட்ட மாதிரி.

"டென்னிஸ், இது ஏன் கத்தல?"

"இது பன்னண்டு வோல்ட் மேடம். இப்போ வர ஸ்கூட்டர், பைக்கு எல்லாத்துலயும் இதான். ஜாவா ஆறு வோல்ட் வண்டி. பாதி கரன்ட்ல இது எப்டி கத்தும்? முக்கும்."

"வேற எந்த வண்டிக்கு ஆறு வோல்ட் ஹாரன் வேணும்?"

"பழைய வண்டிக்குத்தான். ராஜ்தூத் மாதிரி."

ஜானட் விரலால் போல்ட்டைத் தடவினாள். வாஷர் இருந்தது. அதற்கு மேல் ஸ்பிரிங் வாஷரும் இருந்தது. போல்ட் தலையில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. யாரோ மாட்டிவிட்டுத் துடைத்திருந்தார்கள்.

"தாவூது, நீ ஹாரன் திருடினா வாஷர் போடுவியா?"

"நான் திருடினா வண்டியத்தான் திருடுவேன்கா. ஹாரன் கூடவே வந்துரும்."

வில்சன் தொண்டையைச் செருமினார். "வுடும்மா. போனது போச்சு. ஃபெயிலான வண்டிய எவனாவது சீர் குடுப்பானா? அசிங்கம். புள்ளைங்களுக்கு நல்ல வாஷிங் மிஷினா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன். ஓலை படிக்கட்டும். அக்கா, நீயும் வுட்டுடு."

"இன்னாத்த வுட்றது? வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கை வெச்சிட்டான். பொண்ண இட்டுனு போனப்பறம் இன்னா இன்னா விப்பானோ!"

டென்னிஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஷிஜி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

ஜானட் எழுந்தாள். கையைத் தட்டிக்கொண்டாள். "காணாமப் போன ஹாரனை எல்லாரும் தேடுறீங்க. புதுசா வந்த இந்த ஹாரன் யாருதுன்னு யாரும் கேக்கலியே."

டேங்கின் மேல் போய்வந்துகொண்டிருந்த துணி ஒரு கணம் நின்றது. பிறகு மீண்டும் ஓடியது.

"எனக்கு ஒரு பூனை வேணும்" என்றாள் ஜானட்.

சந்தில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் மூத்தது ஒரு மஞ்சள் கடுவன். ஒரு காது பாதிதான் இருந்தது. பெயர் வஞ்சிரம். ஜாவாவின் ஹாரனுக்கு எப்போதும் முதலில் வந்து நிற்பது அதுதான் என்று ஷிஜி சொன்னாள். அதை மீன் கூடையில் ஏற்றும் பொறுப்பு தாவூதுக்கு வந்தது. கூடை மூடப்பட்டபோது அவன் முழங்கையில் மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன.

"அக்கா, சாட்சிக்கு சம்மன் குடுத்தா இப்டியா பண்ணும்?"

"நீங்களும் வாங்க" என்றாள் ஜானட் வில்சனிடம்.

"நான் எதுக்கும்மா? வண்டிய யார் பாத்துக்கறது?"

"அதான் ஃபெயிலாயிடுச்சே. எங்கயும் போகாது."

காலடிப்பேட்டைக்கு ஒரு சின்ன ஊர்வலம் போயிற்று. முன்னால் ஆட்டோவில் ஜானட், வில்சன், தாவூது, தாவூதின் மடியில் உறுமும் கூடை. நடுவில் டென்னிஸின் பைக். கடைசியில் ஷிஜியின் ஸ்கூட்டர். அதன் பின்சீட்டில் கரண்டியை மறந்துபோய்க் கையிலேயே கொண்டுவந்துவிட்ட பிலோமி அத்தை. டி.எச். ரோடு முழுக்க லாரிகள்.

"ஓரம் போ நைனா! யோவ் லாரி! காது இன்னா வாடகைக்கா வுட்டுக்கிற? ஓரம் போ!"

அத்தையின் குரல் ஆட்டோவரை கேட்டது. ஜானட் திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல."

மஜீது தன் வீட்டு வாசலில் ராஜ்தூதுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எஃப்.சி. முடிந்த வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். வில்சனும் அவரும் முப்பது வருட தோஸ்துகள். ஊர்வலத்தைப் பார்த்ததும் அவர் சிரித்தார். வில்சனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜானட் கூடையைத் தரையில் வைக்கச் சொன்னாள். மூடியைத் திறந்தாள். வஞ்சிரம் தலையை மட்டும் நீட்டி உலகத்தை வெறுப்போடு பார்த்தது.

"முதல்ல ஆட்டோ."

ஆட்டோக்காரர் ஹாரனை அடித்தார். வஞ்சிரம் கொட்டாவி விட்டது.

"டென்னிஸ், உங்க பைக்."

டென்னிஸ் அடித்தான். வஞ்சிரம் முன்னங்காலை நக்கத் தொடங்கியது.

"இப்போ ராஜ்தூத்."

மஜீது அசையவில்லை. தாவூது போய் உதைத்து ஸ்டார்ட் செய்து, ஹாரனை அமுக்கினான்.

ஒரு வாத்து தும்மியது.

கூடை கவிழ்ந்தது. மஞ்சளாக ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பறந்தது. வஞ்சிரம் ராஜ்தூதை ஒரு சுற்று சுற்றியது, மேலே ஏறி சீட்டை முகர்ந்தது, மீன் இல்லை என்று கண்டது, கோபமாகக் கத்தியது. பிறகு கூட்டத்தில் ஆளைத் தேடி, நேராக வில்சனிடம் போய் அவர் லுங்கியை நகத்தால் பிடித்து இழுத்தது.

"யோவ் மஜீது!" பிலோமி அத்தையின் கரண்டி உயர்ந்தது. "வருசா வருசம் நோம்புக் கஞ்சி குடுத்துவுட்ட கையாய்யா இது? அந்தக் கையாலயே ஹாரன களவாண்டியா?"

"நான் களவாடல" என்றார் மஜீது.

"அப்போ ஹாரன் நடந்து வந்துச்சா?"

மஜீது வில்சனைப் பார்த்தார். வில்சன் பூனையைப் பார்த்தார். மஜீது வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தியா, வாயே தெறக்கல! களவாணி இவன்தான்!" அத்தை டென்னிஸ் பக்கம் திரும்பினாள். கரண்டி தாழ்ந்தது. ஏதோ சொல்ல வந்தாள். சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "சரி, வுடு. உன்ன தப்பா நென்ச்சிட்டேன்."

தாவூது கைகளைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சுது. சாட்சிய வூட்ல வுட்டுட்டு நாஸ்தா துன்னலாம்."

"முடியல" என்றாள் ஜானட். "இவர் திருடல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜானட்டுக்கு எல்லோரும் பார்ப்பது பிடிக்காது. அவள் ராஜ்தூதைப் பார்த்துப் பேசினாள்.

"திருடின ஹாரனை மாட்டிக்கிட்டு, ஹாரனுக்குச் சொந்தக்காரர் வர்ற அதே கிரவுண்டுக்கு அதே காலையில யாரும் போக மாட்டாங்க. அப்போ இரவல். இரவல்னா கேட்டுலயே திருப்பிக் கொடுத்திருக்கணும். இவர் வண்டி முடிஞ்சப்புறம்தான் ஜாவா உள்ள போச்சு. கேட்டுலயே மாட்டியிருக்கலாம். ஆனா ஹாரன் இன்னும் இங்க இருக்கு. மஜீது பாய், நீங்க திருப்பிக் கொடுக்கலியா?"

மஜீதின் முகம் சிவந்தது. இதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"யாரப் பாத்து இன்னா வார்த்தை சொல்ற? கேட்டுலயே ஸ்பேனர கைல எட்த்துட்டேன்! 'வோணாம், அவசரம் இல்ல, அப்பால வாங்கிக்கறேன்'னு அவன்தான்..."

நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதம்.

"எவன்?" என்றாள் அத்தை.

ஜானட் ஷிஜியிடம் கேட்டாள். "உங்க ஸ்கூட்டர் ஹாரன் எப்போலேர்ந்து அடிக்கல?"

"காலைலேர்ந்து. உப்புக் காத்துல போச்சுன்னு நென்ச்சேன். அதான் வழி முழுக்கக் கத்திக்கினு..." ஷிஜி பாதியில் நிறுத்தினாள்.

டென்னிஸ் ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டான். ஸ்கூட்டரின் முன் மூடியைக் கழற்றினான். ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு ஒயர்கள் மட்டும். ஒவ்வொன்றின் முனையிலும் கறுப்பு டேப் மூன்று சுற்று, மடிப்பில்லாமல் சுற்றியிருந்தது.

"ஒயர் உரசி பொண்ணு வண்டி தீப்பிடிச்சிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து டேப் சுத்தின திருடன்" என்றாள் ஜானட். "ஜாவாவுல ஒரு கீறல் விழக் கூடாதுன்னு ரெண்டு வாஷர் போட்ட திருடன். போல்ட்டைத் துடைச்சும் வெச்சிருக்கார்."

வஞ்சிரம் இன்னும் வில்சனின் லுங்கியை விடவில்லை.

"டேய் வில்சா" என்றாள் பிலோமி அத்தை. சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

வில்சன் மஜீதின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொண்ண குடுக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல..."

"அப்பா!"

"கஷ்டம்தான். ஆனா அது ஒலகத்துல எல்லாரும் பண்றதுதான? வண்டிய எவனாவது குடுப்பானா? அன்னைக்கு மைக்க கைல குடுத்துட்டானுங்க. வாய் தானா சொல்லிச்சு. சொன்னதுலேர்ந்து தூக்கமே இல்ல. முந்தாநாளு இவன் வந்து ஹாரன் இருந்தா குடுன்னு கேட்டான். எஃப்.சி.க்குக் கேட்டா இல்லன்னு சொல்லலாமா? நேத்து ராத்திரி கழட்டிக் குடுத்துட்டேன். ஒரே கல்லு, ரெண்டு மாங்கா. இவனும் பாஸாவான், நம்ம வண்டியும் ஃபெயிலாவும். சீர் வாஷிங் மிஷினோட முடிஞ்சிரும்னு நென்ச்சேன்."

"எதுக்கு என் ஹாரன எட்த்து மாட்னீங்க?"

"ஓட்டையா வுட்டா டென்னிஸ் கேட்டுலயே பாத்துடுவானே. வேற ஹாரன் மாட்டி வெச்சுடுவான். அவன் கை சுத்தம். அதான் பேஜாரு."

"நாள் பூரா இந்தப் பையனக் களவாணின்னு ஏசினேனே, அப்போ வாய தெறந்து சொல்ல வேண்டியதுதான?"

"உன் கைல கரண்டி இருந்துச்சுக்கா."

தாவூது சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

"ஒரு பையனைத் திருடன்னு சொன்னாங்க" என்றாள் ஜானட். "நீங்க டேங்க் துடைச்சிக்கிட்டு இருந்தீங்க."

வில்சன் எழுந்தார். டென்னிஸின் எதிரில் போய் நின்றார். இழுவைப் படகு ஓட்டிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. "மாப்ள, தப்பு என்னுது. வண்டிய எட்த்துக்கோ. சொன்னா சொன்னதுதான். எட்த்துனு போ."

டென்னிஸ் பின்னால் நகர்ந்தான்.

"வோணாம் மாமா! நான் எப்போ வண்டி கேட்டேன்?" பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். கெண்டைக்காலில் ஊதா நிறத்தில் நீளமாக ஒரு தழும்பு. "கிக்கரும் கியரும் ஒரே தடிதான் அதுல. ஸ்டார்ட் பண்றப்போ திருப்பி அடிக்குது. ஒரு மாசமா ராத்திரி கனவுல கூட அடிக்குது. நீங்க ஆசையா குடுக்கறீங்கன்னு சொல்லாம இருந்தேன். அது என் வூட்டுக்கு வந்தா, நான் வேற வூடு பாத்துக்கணும்."

வில்சனின் முகத்தில் சூரியன் உதித்தது. மறைக்க முயன்றார். முடியவில்லை.

"அவ்ளோ சந்தோசப்படாத" என்றாள் பிலோமி அத்தை. கரண்டி அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றது. "வண்டிய நாளைக்கே பாஸ் பண்ணி எட்த்துனு வர. அப்பால, கல்யாணம் முடிஞ்சதும், டெய்லி காலைல காசிமேட்டுல மீன் வாங்கினு, அந்த வண்டிலயே எண்ணூருக்குப் போய், இவங்க வூட்ல குடுத்துட்டு வரணும். மழையோ வெயிலோ. இதான் உனுக்குத் தண்டனை."

வில்சன் தலையைக் குனிந்து தண்டனையை ஏற்றுக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஆட்டோக்காரர் நினைத்தார்.

அத்தை டென்னிஸிடம் திரும்பினாள். "காலைலேர்ந்து எதுனா துன்னியா மாப்ள?"

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான்.

மறுநாள் ஜாவா மறுபடி மைதானத்துக்குப் போயிற்று. சுஜா பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், ஹேண்டில்பாரைத் திருப்பினார். கடைசியாக ஹாரனை அமுக்கினார். பிறகு யார்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சரி செய்துகொண்டு, "பாஸ்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசையில் கடைசி பெஞ்சில் ஜானட் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், பூனை கீறிய முழங்கையில் கட்டோடு தாவூது. பிலோமி அத்தை பொரித்துக் கொடுத்த சங்கரா மீன் அவன் மடியில் பொட்டலமாக இருந்தது. அதுதான் அந்தக் கேஸின் ஃபீஸ்.

சாமியார் ஓலையைப் படித்தார். இன்னாருடைய மகன் டென்னிஸ், இன்னாருடைய மகள் ஷிஜி. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்.

எல்லோருடைய கண்ணும் முதல் வரிசையில் இருந்த பிலோமி அத்தையின் முதுகில் நின்றது. அத்தை அசையவில்லை.

வெளியே ஒரு வாத்து தும்மியது.

வண்டியை நிழலில் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த வில்சன் தாமதமாக வந்துசேர்ந்திருந்தார். கோவில் காம்பவுண்டுச் சுவர் மேல் மஞ்சளாக ஒன்று தாவியது. அதன் பின்னால் சாம்பலாக ஒன்று, கறுப்பாக இரண்டு.

"தடை இல்ல சாமி" என்றாள் பிலோமி அத்தை, கேட்காமலேயே எழுந்து நின்று. "அது என் தம்பி."

கோவில் முழுக்கச் சிரித்தது. சாமியார் ஓலையை மடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஷிஜி டென்னிஸைப் பார்த்தாள். டென்னிஸ் தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டான்.

தாவூது குனிந்து ஜானட்டின் காதில் சொன்னான்.

"எண்ணூர் பூனைங்களுக்கு இன்னும் விசயம் தெரியாதுக்கா."